இரவல் கோட்டுச் சட்டத்தரணி

மகனே,

நான்கு நாளாக உன் போனுக்கு அடித்து அடித்து விரல்தான் தேய்ந்தது. நீ எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போ, எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். கடிதம் என்றால் "அன்புள்ள" என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வார்த்தைக்கு வந்ததும் கை கூசிவிட்டது. அன்பு இல்லாமல் இல்லை. அன்புக்கு மேலே இப்போது வேறொன்று வந்து குந்திக்கொண்டிருக்கிறது. அதைக் கோபம் என்கிறாள் உன் அம்மா. கோபம் என்றால் ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சோறு தின்னலாமே. இது அருவருப்பு. சோற்றுத் தட்டைப் பார்த்தாலே குமட்டுகிற அருவருப்பு. அதில் பாதி உன்மேல், பாதி என்மேல். எந்தப் பாதி பெரியது என்று இதை எழுதி முடிக்கிறபோதும் எனக்குத் தெரியுமோ என்னவோ.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. கடைக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்து, ஒன்றை எல்ல ஊரில் நீ வேலை செய்கிற ஓட்டலுக்கு அனுப்புவேன், ஒன்றை ஐந்தாம் லயத்து மகேஸ்வரியிடம் கொடுப்பேன், ஒன்றைத் தோட்டத்துக் கோயில் அறிவித்தல் பலகையில் குத்துவேன். சந்தியில் எல்லாரும் பார்க்க விரித்துக் கட்டிய பொய்யை மூடிய கடிதத்தில் எப்படித் திருப்புவது? உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. நம் தோட்டத்தில் வாசிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரியும். வெளியில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்தால் போதும்: மகேஸ்வரி என்ற ஒருத்தியின் வேலையும் பேரும் போய்விட்டன, அவை திரும்பி வருவதற்கு இன்னும் ஒரு சின்ன வழி இருக்கிறது, அந்த வழி என் மகனுடைய ஒரு கையெழுத்தில் நிற்கிறது.

நான் தையற்காரன். முப்பது வருஷமாகப் பதுளையில் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் மெஷின் மிதிக்கிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து, காலை பஸ்ஸில் இறங்கி, மாலை பஸ்ஸில் ஏறுகிறவன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் எனக்குப் புதிதில்லை. எந்தச் சட்டத்தரணிக்கு எந்தத் தோள் தாழ்ந்திருக்கும், யாருக்கு வயிறு எத்தனை அங்குலம் ஏறியிருக்கும், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போடுவதற்கு ஒரு மனுசன் என்ன பாடு படுகிறான் என்பதும் தெரியும். சட்டக் கல்லூரிக்குள் நுழையப் பரீட்சை, உள்ளே போனபின் பரீட்சை, பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியின் பின்னால் பைலைத் தூக்கிக்கொண்டு அலைச்சல், அதற்கும் பிறகு கொழும்பில் சத்தியப்பிரமாணம். இதெல்லாம் தெரியாத ஆள் இல்லை நான். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

உன் படிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். எல்லயில் அந்த ஓட்டலில் ஊழியர் விஷயங்களைப் பார்க்கிற அதிகாரியாக நீ சேர்ந்து இரண்டாம் வருஷம், சமையல்கட்டில் வேலை செய்த ஒருவரை "நாளைக்கு வராதே" என்று மேலே இருப்பவர் வாயால் சொல்லிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கடிதம் தயார் பண்ணச் சொல்லி உன்னிடம் கொடுத்தாராம். நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது முகம் செத்திருந்தது. "அது சரியா பிழையான்னே எனக்குத் தெரியல அப்பா. தெரியாமலே டைப் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் உன் போனில் அந்த விளம்பரம் வந்தது. வேலை செய்துகொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம், சட்டத்தரணி அல்லாதவர்களுக்கான சட்டக் கற்கைகள் முதுமாணிப் பட்டம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், எல்லாம் இணையத்தில். விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், பக்கத்தில் ஒரு மரச்சுத்தியல். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் பதுளைக் கோர்ட்டில் எந்த நீதவானும் சுத்தியலால் அடித்துத் தீர்ப்புச் சொல்லி நான் கண்டதில்லை.

அந்தப் படிப்புக்கு அவர்கள் அனுப்பிய விவரப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நீயே எனக்குத் தமிழில் சொன்னாய். இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு சட்டத்தரணியாகத் தொழில் செய்ய முடியாது என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாவம், அவன் ஒளிக்கவில்லை, நாம்தான் ஒளித்தோம். "அப்ப எதுக்குடா இந்தப் பாடு?" என்று நான் கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் கடைக்கு வந்த ஆறேழு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். "சட்டம் லாயருக்கு மட்டுமா அப்பா? நம்ம ஆளுங்க கையெழுத்துப் போட முன்னுக்கு, அந்தக் கடுதாசில என்னா இருக்குன்னு வாசிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணாமா?" என்றாய். ஆகா, என் மகன் என்று நினைத்தேன். வேலைக்குப் போகும்முன் ஒரு மணித்தியாலம், வந்தபின் இரண்டு மணித்தியாலம். லயத்துக்கு வந்தால் சிக்னல் கிடைக்காமல் தண்ணித் தாங்கிக்கு மேலே ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டாய். கொழுந்து எடுத்துவிட்டு இறங்குகிற பெண்கள் "தம்பி யாருக்கு இங்கிலீஷ்ல பேசுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டரை வருஷம் அப்படிப் படித்துப் பாஸ் பண்ணினாய். அந்த உழைப்பில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது.

பொய் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடையில்தான் பிறந்தது. பட்டமளிப்பு விழாவும் இணையத்தில்தான் நடந்தது. உன் பெயர் திரையில் வந்து, நாங்கள் "இந்தா இந்தா" என்று விரலை நீட்டுவதற்குள் போய்விட்டது. உன் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. இத்தனை படித்த பிள்ளைக்கு மாட்டி வைக்க ஒரு படம் வேண்டாமா, மற்றப் பிள்ளைகள் எல்லாம் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுக்கிறார்களே என்று மூக்கைச் சிந்தினாள். கடையில் கம்பியில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கியது. பதுளைக் கோர்ட்டில் பேர்போன ஒரு சட்டத்தரணியுடையது, இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான்தான் அதை எடுத்தேன். நீ கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான்தான் எடுத்து உன் தோளில் போட்டேன். கை நீளமாக இருந்தது, உள்பக்கமாக மடித்துக் குண்டூசி குத்தினேன். முதுகில் ஒரு பிடி துணியைச் சேர்த்து இன்னும் நாலு ஊசி. முன்னால் இருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. உன் அம்மா போனில் படம் எடுத்தாள். அசையாமல் நில்லு, ஊசி குத்தும் என்று நான் சொல்ல, நீ சிரித்தாய். அடுத்தவன் நம்பிக் கொடுத்த துணியை இன்னொருத்தன் உடம்பில் போட்டுப் பார்க்காதவன்தான் தையற்காரன். என் முதலாளி எனக்கு முதல் நாள் சொன்ன பாடம் அது. பிள்ளைப் பாசம் வந்தால் பாடமாவது மண்ணாவது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தோட்டத்து இளைஞர் கழகம் பேனர் அடிக்கக் கிளம்பியது. நம் சந்தியில் யார் பாஸ் பண்ணினாலும் பேனர், யார் கம்பஸ் படிப்புக்குப் போனாலும் பேனர், அது நம்முடைய வழக்கம். நல்ல வழக்கமும்தான். கொழுந்துக் கூடைக்கும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கும் வெளியே நம் முகங்களை வேறெங்கே பெரிதாகப் பார்க்கப்போகிறோம்? அடிக்கும் முன்னால் அவர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். மறைக்காமல் சொல்கிறேன், கேட்டார்கள். "ஐயா, 'எமது மண்ணின் முதல் சட்டத்தரணி'ன்னு போடலாந்தானே?" என்று. என் கையில் அப்போது டேப் இருந்தது, வாயில் ஊசி இருந்தது. ஊசியை எடுத்துவிட்டு "இல்லப்பா, அது வேற படிப்பு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "போடுங்க, என்னா இப்ப" என்றேன். சீ! எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு இன்று ஒரு பொம்பளை தன் வேலை திரும்பி வரும் வழியைக் கொடுத்திருக்கிறாள்.

கோயிலில் உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தோட்டத் தலைவர் மைக்கில் "நம்ம லாயர் தம்பி" என்று பத்துத் தடவை சொன்னார். நீ மேடையில் இருந்து என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். ஒருவர் மற்றவர் சொல்லட்டும் என்று இருவரும் பேசாமல் இருந்தோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அடுத்த கிழமையில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிறப்புப் பத்திரம், சேமலாப நிதிக் கடுதாசி, லயத்து அறை யாருக்கு என்கிற காம்பராச் சண்டை, எல்லாம் கையோடு கொண்டுவந்தார்கள். சிலருக்கு நீ நல்லது செய்தாய், இல்லை என்று சொல்லவில்லை. வாசித்துச் சொன்னாய், எந்த ஆபீசுக்குப் போகவேண்டும் என்று சொன்னாய். பிறகுதான் மகேஸ்வரி வந்தாள்.

மகேஸ்வரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பது வருஷம் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் தூள் சலிக்கிற வேலை. புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான், பெண்பிள்ளை உயர்தரம் படிக்கிறது. உன் அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு கிழமையும் உனக்குச் சோறு போட்டு வெள்ளைச் சட்டை தோய்த்துப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். ஒருநாள் வேலை விட்டு வரும்போது அவளுடைய சாப்பாட்டுப் பையில் ஒரு பொட்டலம் தூள் இருந்ததாம். தான் வைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். விசாரணை என்று கூப்பிட்டு, அவளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடுதாசியை நீட்டி, கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வேலைக்கு வரலாம் என்றார்களாம். போட்டாள். மறுநாள் பத்துச்சீட்டு வந்தது. வேலை நீக்கக் கடிதத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவள் கையெழுத்துப் போட்டது குற்றத்தை ஒப்புக்கொண்ட கடுதாசியில்.

யோசித்துப் பார். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் நீ படிக்கவே போனாய். அவள் அந்தச் சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி நம் வீட்டுக்குக் கொண்டுவந்து உன் முன்னால் நின்றாள். வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு முறையிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் கதவு சாத்திவிடும் என்று உனக்குத் தெரியும். நீ அதைப் படித்துப் பரீட்சை எழுதியவன். "அக்கா, நான் லாயர் இல்லை. ஆனா இதுக்கு ஆறு மாசந்தான் இருக்கு. நாளைக்கே லேபர் ஆபீசுக்குப் போவோம், நானும் வாறேன்." இவ்வளவுதான் சொல்ல இருந்தது. உன் படிப்பு அவளைக் காப்பாற்றத் தாராளமாகப் போதும். படிக்காததைப் படித்ததாகக் காட்டப்போய் அவளைக் கெடுத்தாய். "நான் பாத்துக்கிறேன் அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றாய். நானும் பக்கத்தில் நின்று, "அதான் தம்பி சொல்லிட்டானே, போய் நிம்மதியா தூங்கு புள்ள" என்றேன்.

நீ என்ன பார்த்தாய்? தோட்டத்து மேனேஜர் துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினாய். அழகான கடிதம்தான். அடியில் உன் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகள். பதில் வரவில்லை. திரும்ப ஒன்று எழுதினாய், அதற்கும் வரவில்லை. பிறகு ஓட்டலில் சீசன் என்றாய். பிறகு உனக்குப் பண்டாரவளையில் பெண் பேசத் தொடங்கினோம். மகேஸ்வரி ஒவ்வொரு ஞாயிறும் வந்து வாசலில் நின்று "தம்பி வந்திச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். வெலிமடைப் பக்கம் யாருடைய தோட்டத்திலோ கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போனாள். தண்ணிப் பீலியில் அவளைத் "தூள்கள்ளி" என்று ஒருத்தி சொல்ல, குடத்தைப் போட்டுவிட்டு வந்தாளாம். பிள்ளையிடமும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு "லாயர் தம்பி பாக்குது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆறு மாதம் போனது. ஏழாவது மாதமும் போனது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு தானாகவே லேபர் ஆபீசுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணே, காலம் முடிஞ்சிருச்சாம். உங்க லாயர் யாருன்னு கேட்டாங்க. தம்பி பேரைச் சொன்னேன். அப்படி ஒரு லாயர் இங்க இல்லையேம்மாங்கிறாங்க" என்றாள். பிறகு மெதுவாக, என்னைச் சங்கடப்படுத்திவிடுமோ என்று பயந்த குரலில், "தம்பி லாயர் இல்லையாண்ணே?" என்று கேட்டாள். மெஷினை நிறுத்தினேன். "இல்லை புள்ள" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

அன்றே நான் எல்லக்கு வந்தது ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் மலையைப் பார்த்துக் கோப்பி குடிக்கிற இடத்துக்குப் பின்னால், சலவைத் துணி அடுக்கிய அறையில் நின்று பேசினோம். நீ கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு மாதிரி அமைதியாகச் சொன்னாய். "அப்பா, நான் லாயர்ன்னு ஒரு நாளும் என் வாயால சொன்னதில்ல. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. அவங்ககிட்ட எதுவும் வாங்கவும் இல்ல. சட்டப்படி பாத்தா என்மேல பிழை சொல்ல ஏலாது." டேய், அந்த இடத்தில்தான் எனக்குக் குமட்டியது. பொய்யைக்கூட மன்னிக்கலாம். நீ அதை எப்போதோ தனியாக உட்கார்ந்து அளந்து பார்த்து, உனக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறாய். இரண்டரை வருஷம் குடையைப் பிடித்துக்கொண்டு படித்தது இதற்கா? சொல்லாமல் இருந்ததால் தப்பித்தேன் என்று சொல்ல எவனுக்கும் பட்டம் தேவையில்லை, அது சந்தையில் அழுகல் கிழங்கு விற்கிறவனுக்கே தெரியும். போகும்போது படியில் நின்று இன்னொன்றும் சொன்னாய். "கல்யாணம் முடியட்டும் அப்பா. பொறவு பாத்துக்கலாம்." மகேஸ்வரியிடம் சொன்ன அதே "பாத்துக்கலாம்."

மறுநாள் அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரரான சட்டத்தரணியிடம் போனேன். வேறு யாரிடம் போவது? எல்லாவற்றையும் சொன்னேன், கோட்டை எடுத்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும் அந்த வழியா போகக்குள்ள பேனரைப் பாத்தேன். எங்கேயோ பாத்த கோட்டா இருக்கேன்னு நினைச்சேன்" என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். அவர் நல்ல மனுசன், அதற்குமேல் என்னைக் கிள்ளவில்லை. நியாயசபைக்குப் போகிற காலம் முடிந்தது முடிந்ததுதான் என்றார். "ஆனா மறுவிசாரணை கேட்டுக் கம்பெனிக்கும் தொழில் ஆணையாளருக்கும் எழுதிப் பாக்கலாம். நான் எழுதித் தாறேன். குற்றமில்லாதவ ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தான்னுதான் முதல் கேள்வி வரும். அதுக்குப் பதில், அவளைச் சும்மா இருக்க வெச்ச ஆளு சத்தியக்கடதாசி குடுக்கணும். ஏலுமா உங்க மகனுக்கு?" என்று கேட்டார். ஏலும் என்றேன். வாய் சொல்லிவிட்டது.

சத்தியக்கடதாசி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லவா? "நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணி என்று இவரை நம்பவிட்டேன். என்னை நம்பி இவர் காலத்தைத் தவறவிட்டார்." இந்த மூன்றையும் சமாதான நீதவான் முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைப்பது. கடிதம் கம்பெனிக்குப் போகும், கம்பெனியில் இருந்து தோட்டமெல்லாம் போகும், உன் ஓட்டலுக்கும் போகலாம், பண்டாரவளைக்கும் போகும். பெண் வீட்டார் இரும்புக்கடைக்காரர்கள். தலைமுறையாகப் பஜாரில் பேர் எடுத்தவர்கள். கல்யாணக் கார்டில் உன் பெயருக்குக் கீழே "சட்டத்தரணி" என்று போட அவர்கள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள், நாம்தான் திருத்தவில்லை. உன் அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றாள். அந்த ஆயிரத்தில் மாப்பிள்ளைக்குக் கோபம் வராது, பெண்ணுக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்பதெல்லாம் இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரியின் வயிற்றில் அடித்த பொய் அதில் கிடையாது என்றேன். அவள் அழுதாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அவளுக்குப் படத்தில் தெரிந்தது பிள்ளை, எனக்குத் தெரிந்தது கோட்டு.

இப்போது நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். சட்டத்தரணி எழுதித் தந்த மறுவிசாரணைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மகேஸ்வரியின் காம்பராவுக்குப் போனேன். அவள் மகள் வாசித்துக் காட்டினாள். மகேஸ்வரி முழுவதும் கேட்டுவிட்டு, கடுதாசியை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "வேணாம்ணே. தம்பிக்குத் தையில கல்யாணம். இது வெளிய போனா நின்னுரும். எனக்குப் போனது போயிருச்சு. அந்தப் புள்ளைக்கு நான் சோறு போட்டவ, நானே கெடுக்கவா?" என்றாள். அந்த நேரம் எனக்கு என்ன வந்தது தெரியுமா? மூச்சு வந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு. அவள் முகத்துக்கு முன்னாலேயே, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லவேளை, தப்பித்தோம் என்று என் நெஞ்சு சந்தோஷப்பட்டது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உன்னை அந்தச் சலவை அறையில் பார்த்தபோது வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெளியே வந்து லயத்து முடக்கில் சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் நின்று உண்மையாகவே வாந்தி எடுத்தேன்.

அதனால் நேற்றுக் காலை நான் கடையைத் திறக்கவில்லை. பண்டாரவளைக்குப் போனேன். உன் மாமனார் ஆகவிருந்தவர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி என்று எழுந்து வந்து கதிரை போட்டார், கேக் வாங்க ஆள் அனுப்பினார். கேக் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பகிடி என்று நினைத்தார். பிறகு, "அப்ப அந்தப் படிப்பு பொய்யா?" என்று கேட்டார். "படிப்பு உண்மைங்க. அதுக்கு நாங்க வெச்ச பேரு பொய்" என்றேன். மகேஸ்வரியின் கதையையும் விடாமல் சொன்னேன். அவர் போனை எடுத்து, என் முன்னாலேயே அச்சகத்துக்கு அடித்து, "அந்தக் கார்டை நிப்பாட்டுங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள்.

நான் எழுந்தபோது அந்தப் பெண் உள்கதவில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "மாமா, ஒண்டே ஒண்டு கேக்கிறேன். இதை எங்ககிட்ட சொல்லச் சொல்லி அவரா உங்களை அனுப்பினாரு?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கண்ணில் அந்த வார்த்தைக்கு இடம் இருந்தது, நான் பார்த்தேன். ஆயிரத்தில் கடைசிப் பொய்யாக அது ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இல்லம்மா. அவனுக்குத் தெரியாது" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கேக் வந்து மேசையில் இருந்தது, யாரும் தொடவில்லை.

ஆக, மகனே, உன் கல்யாணத்தை நான் நிறுத்திவிட்டேன். நீ போனை எடுக்காததால் கடிதத்தில் சொல்கிறேன். என்னைத் திட்டு, சபி, என் சாவுக்கு வராதே, எது வேண்டுமானாலும் செய். பண்டாரவளையில் இருந்து திரும்பியதும் நேரே மகேஸ்வரியிடம் போய்ச் சொன்னேன், இனி கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, உன் பங்குக்குச் சரி சொல்லு என்று. அவள், "அப்ப தம்பி வந்து அதோட வாயால சொல்லட்டும்ணே. வந்திச்சுன்னா நான் கையெழுத்துப் போடுறேன்" என்றாள். சமாதான நீதவானிடம் என் பங்கை, கோட்டு எடுத்ததையும் "போடுங்க" என்றதையும், சத்தியம் பண்ணி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். மகேஸ்வரி அன்று கிழங்குத் தோட்டத்துக்குப் போகாமல் அங்கே வந்து இருப்பாள். போன ஞாயிறுகளில் எல்லாம் அவள்தான் உன் வாசலில் வந்து நின்றாள்; இந்த ஒரு ஞாயிறாவது நீ போய் அவள் முன்னால் நில்லு.

உன் அப்பா